பிறர் கிடங்கில் நம் பேரேடு

என் தந்தையார் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுதுகிறார். கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பத்தொன்பது வயதில் பிழைப்புத் தேடி வந்தவர். அன்று முதல் இன்றுவரை அதே கிடங்கு, அதே மேசை. கிடங்கின் உரிமையாளர் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் வாழும் குசராத்திச் சேட்டு. அவர் தந்தையாரை 'அண்ணாச்சி' என்றுதான் அழைப்பார். தெற்கேயிருந்து வந்த தமிழன் எவனாயினும் இவ்வூரார்க்கு அண்ணாச்சியே. பெயர் சொல்லி அழைக்கப்பெறுவதற்குப் பத்தாண்டேனும் ஆகும். தந்தையாருக்கு முப்பதாண்டு ஆகியும் அது வாய்க்கவில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அந்தக் கிடங்கின் கணக்கை ஒன்பது நாள் தொலைத்தவன் நான்.

இதை இந்த இதழில் எழுதக் காரணம் உண்டு. சென்ற திங்கள் நம் மன்றக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், "மேகக் கணினியை இளைஞர் உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது, தயங்குவோர் முதியவரே, அவர்கள் வழிவிட்டால் அலுவலகங்கள் ஓராண்டில் மாறிவிடும்" என்று முழங்கினார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஏற்றுக்கொள்ளுதல் என்றால் என்ன? பழகிப்போவதும் ஏற்றுக்கொள்வதும் ஒன்றா? ஒன்றல்ல என்பது என் கருத்து. நாம் பழகியிருக்கின்றோம், இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த வேறுபாடு தெரியாத காரணத்தால்தான் என் தந்தையாரின் முப்பதாண்டு நற்பெயர் ஒன்பது நாள் ஊசலாடியது.

மேகம் என்னும் பெயரே நம்மைப் பாதி மயக்கிவிடுகின்றது. வானில் மிதப்பது, யார்க்கும் உரியதன்று, வேண்டும்போது பொழிவது என்றெல்லாம் எண்ணத் தோன்றும். உண்மையில் அது பிறர்க்குச் சொந்தமான கணினி. வேறோர் ஊரில், சில வேளை வேறொரு நாட்டில், காவலிட்ட கட்டடத்தில், குளிரூட்டிய அறையில் அடுக்கடுக்காக நிற்பது. அதில் நாம் இடம் வாடகைக்குப் பிடிக்கின்றோம், அவ்வளவே. மின்சாரம் போல, தொலைபேசி போல, கணிப்பையும் ஒருநாள் ஊர்ப்பொதுவாக வழங்க முடியும் என்று ஜான் மெக்கார்த்தி 1961இல் சொன்னார். 2006 மார்ச்சில் அமேசான் தன் சேமிப்பிடத்தைப் பிறர்க்கு வாடகைக்குத் திறந்துவிட்டது. அதன்பின் ஆனதை நாம் அறிவோம். கடலியல் படிப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல ஆசை. இம்மேகம் வானத்தின் வழியே வருவதன்று, கடலடியில் வருவது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை செல்லும் 'சேஃப்' என்னும் கண்ணாடி இழைக் கம்பிவடம் 2002ஆம் ஆண்டு முதல் கொச்சிக் கரையைத் தொடுகின்றது. மிளகு மூட்டைகள் போன கடல் வழியாகத்தான் இப்போது கணக்குகள் போகின்றன.

ஆக, மேகம் என்பதைவிடப் பண்டகசாலை என்பதே பொருத்தமான பெயர். மலையாளத்தார் இதனைப் 'பாண்டிகசாலை' என்பர். பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளுக்கெல்லாம் இன்றும் அப்பெயர்தான். பிறர் பண்டகசாலையில் தம் பொருளை வைப்பது மட்டாஞ்சேரிக்குப் புதிய செய்தியா? நூற்றாண்டுகளாக இவ்வூர் செய்த தொழிலே அதுதான்!

இனி என் கதைக்கு வருகின்றேன். 2023 நவம்பரில், விருச்சிக வேலியேற்றம் என்று இங்குள்ளோர் கூறும் ஓதப் பெருக்கில், காயல் நீர் கிடங்குக்குள் கணுக்கால் அளவு வந்துவிட்டது. மிளகு மரப்பலகைமேல் இருந்ததால் தப்பியது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த நான்காண்டுப் பேரேடுகள் தப்பவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, வெல்லக் கட்டிகளைப் போல் ஆயின. தந்தையார் அவற்றை மாடியில் வெயிலில் பரப்பி ஒவ்வொரு தாளாகப் பிரித்ததை நான் கண்டிருக்கின்றேன். ஆகவே, தாள்தான் பாதுகாப்பு, கணினி ஆபத்து என்று வாதிட நான் வரவில்லை. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தில் எத்தனை குடும்பத்தினர் பள்ளிச் சான்றிதழையும் பத்திரத்தையும் சேற்றில் தேடினர்! இழந்த சான்றிதழ்களை மீண்டும் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2015இல் தொடங்கிய டிஜிலாக்கர் என்பது எதற்காக என்று அதற்குப் பிறகுதான் பலர்க்கு விளங்கியது.

2024 மே விடுமுறையில் சேட்டு என்னை அழைத்தார். "தம்பி படிச்சவன், கணக்கை நனையாத இடத்தில் வச்சுத் தா" என்றார். நான் மகிழ்ந்து போனேன். மூன்றே நாளில் எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றினேன். அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் இலவசச் சேவை. என் பெயரில் ஒரு புதிய கணக்கு. அதற்கு அடையாளமாக என்னிடம் இருந்த இரண்டாவது கைப்பேசி எண். கிடங்குக் கணினியிலும் அதே கணக்கைத் திறந்து வைத்தேன். தந்தையாருக்கு வரவு, பற்று, மூட்டை, எடை எனக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இதோட சாவி யார் கையில இருக்கு?" நான் சிரித்தேன். "சாவியெல்லாம் கிடையாதுப்பா, கடவுச்சொல்தான்" என்றேன். அறிவாளியின் சிரிப்பு! அதை நினைத்தால் இன்றும் கூசுகின்றது.

இரண்டாவது கைப்பேசி எண்ணுக்கு நான் பிறகு பணம் கட்டவில்லை. பல திங்கள் கட்டாமல் விட்டால் எண் பறிபோகும், போயிற்று. 2025 மார்ச்சில், ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டிய வேளையில், கிடங்குக் கணினியில் அந்தக் கணக்கு தானே மூடிக்கொண்டது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தோம். கைப்பேசிக்கு அனுப்பிய எண்ணைக் கேட்டது. எந்தக் கைப்பேசிக்கு? அந்த எண்தான் இப்போது நமதில்லையே! நான் நானே என்பதை மெய்ப்பிக்க முடியவில்லை. எழுத்தில் முறையிட்டேன்; இயந்திரம் மறுமொழி தந்தது. மனிதர் ஒருவரோடு பேசலாம் என்றால், இலவசமாக இடம் பெற்றவனுக்கு மனிதரைக் காண உரிமை ஏது?

ஒன்பது நாள். வரிக் கணக்கர் தினம் இருமுறை தொலைபேசியில் கேட்டார். இடுக்கியிலிருந்து மிளகு அனுப்பிய இருவர் பாக்கித் தொகை கேட்டு நேரில் வந்தனர். சேட்டு என்னை ஒன்றும் சொல்லவில்லை. தந்தையாரிடம், "அண்ணாச்சி, முப்பது வருஷத்தில் முதல் தடவையா நீங்க எனக்குக் கணக்குக் காட்டல" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

தந்தையார் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாள்தோறும் மொத்தத் தொகையை மட்டும் யாருக்கும் தெரியாமல் எழுதி வந்திருக்கின்றார். அதைப் பார்த்து முன்பொருமுறை நான் கோபித்ததுண்டு. அந்த நோட்டு முழுதும் காப்பாற்றியது என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். காப்பாற்றவில்லை. அதில் மூட்டைவாரி எடை இல்லை, ஈரப்பதம் இல்லை, எவர் சரக்கு எந்த விலைக்குப் போயிற்று என்பதில்லை. பாதிக் கணக்கை அதிலிருந்தும், கால் பங்கை வாங்கியோர் வைத்திருந்த சீட்டுகளிலிருந்தும் திரட்டினோம். ஒன்பதாம் நாள், உடைந்துபோன என் பழைய கைப்பேசியை எர்ணாகுளம் பென்டா மேனகாவில் ஒரு கடைக்காரர் உயிர்ப்பித்துக் கொடுத்தார். அதில் அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது! அறுநூறு ரூபாய் கூலி. ஓராண்டு வணிகம் அறுநூறு ரூபாய்த் திரையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றது.

இப்போது அந்த நண்பரின் முழக்கத்துக்கு வருவோம். மனிதர் ஏன் ஒரு புதிய கருவியை ஏற்கின்றனர் என்பதை ஆராய்ந்தோர் பலர். 1989இல் பிரெட் டேவிஸ் இரண்டு காரணங்களை முன்வைத்தார்: இது பயன்படுமா, இது எளிதா. 2000ஆம் ஆண்டில் மோரிசும் வெங்கடேசும், புதிய மென்பொருள் ஒன்று புகுத்தப்பட்ட இடத்தில் 118 ஊழியர்களை ஐந்து திங்கள் தொடர்ந்து கவனித்தனர். இளைய ஊழியர் அக்கருவியைப் பற்றித் தம் மனத்தில் கொண்ட எண்ணத்தின்படியே பெரிதும் நடந்தனர். மூத்தவர்கள், மற்றவர் என்ன சொல்வர், தம்மால் இதைக் கையாள முடியுமா என்பவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்தனர். இதைப் படித்தபோது எங்கள் வீட்டையே எழுதியிருப்பதாகத் தோன்றியது. எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன். தந்தையார், முதலாளி என்ன நினைப்பார், என் கையில் நிற்குமா என்று பார்த்தார். இதனை முதுமையின் தயக்கம் என்று நாம் பெயரிடுகின்றோம். பிறர்க்குப் பதில் சொல்ல வேண்டியவனின் கவனம் என்று ஏன் பெயரிடலாகாது?

மூத்தோர் புதுமைக்குப் பகைவர் என்பதும் மட்டாஞ்சேரியைப் பொறுத்தவரை பொய். யூதத் தெருவில் மிளகுக்கென்றே முன்பேர வணிகக் கூடம் ஒன்று 1957 முதல் நடந்தது. தந்தையார் இளைஞராக வந்தபோது அங்கே ஏலம் கூச்சலில்தான் நடக்குமாம். ஒருவர் கூவ, மற்றொருவர் கையசைக்க, வெளியே நின்று கேட்பவனுக்குச் சண்டை நடப்பது போலிருக்குமாம். பிறகு அந்தக் கூச்சல் கணினித் திரைக்குள் அடங்கியது. 2003இல் நாடளாவிய மின்னணுப் பண்டச் சந்தைகள் தோன்றியபின் வணிகம் மெல்ல அங்கே நகர்ந்தது. கூவி வாழ்ந்தவர்கள் எலிப்பொறியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். (கணினியின் சுட்டியைத் தந்தையார் அப்படித்தான் சொல்வார்.) அவர்கள் மாற்றத்தைக் கண்டு ஓடியவர்கள் அல்லர்.

அவர்கள் கேட்டதெல்லாம் ரசீது! பிறர் கிடங்கில் மூட்டையை வைக்கும்போது என்ன நடக்கும் என்று தந்தையாரிடம் உட்கார்ந்து கேட்டேன். குத்தூசியால் குத்தி மாதிரி எடுப்பர். லிட்டர் எடை பார்ப்பர், ஈரம் பார்ப்பர். எத்தனை மூட்டை, யார் குறி, என்ன எடை என்று சீட்டெழுதுவர். வாடகை எவ்வளவு, எடுக்கும்போது யார் கையொப்பம், எடுப்பதற்குக் கூலி யார் தருவது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு, எல்லாம் வைக்குமுன் பேசி முடிப்பர். சரக்கை உள்ளே வைப்பதைவிட வெளியே எடுப்பதைப் பற்றித்தான் பேச்சு மிகுதி. 2007இல் பண்டகசாலைகளுக்கென்று தனிச் சட்டமே வந்து, கிடங்குச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கவும் வழி பிறந்தது. ஆனால், மேகத்தில் கணக்கை ஏற்றிய நான் இவற்றுள் ஒன்றையாவது கேட்டேனா? 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினேன். அந்த ஒப்பந்தத்தின் ஒரு வரியையும் படிக்கவில்லை. படித்தவர் எவரேனும் நம் மன்றத்தில் உண்டா? கை உயர்த்துங்கள், பார்ப்போம்.

இது சிறுவன் ஒருவனின் பிழை, பெரிய நிறுவனங்கள் இப்படியா செய்யும் என்று கேட்பீர்கள். செய்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. 709 அரசுப் பணிமுறைகள் நின்றுபோயின. அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 'ஜி டிரைவ்' என்னும் மேகம் எரிந்தே போயிற்று, 858 டெராபைட். அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், இங்கே வையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வேறிடத்தில் நகல் இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே நகல் எடுக்க இயலவில்லை என்பதே விளக்கம். பொருள் அதிகமாக இருந்ததால் காவல் போடவில்லை என்று ஒரு கிடங்குக்காரன் பஜார் ரோட்டில் சொன்னால் அவனை என்ன செய்வார்கள்?

மாறாக, 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கு முழுதும், கூகுள் பக்கத்தில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அழிக்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சில நாள் தங்கள் சேமிப்பைத் திரையில் காண முடியவில்லை. ஆயினும் மீண்டது. அந்நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்ததே காரணம். அந்த இரண்டாவது நகலுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டும்போது, இது வீண் செலவு என்று யாரேனும் ஓர் இளைஞர் சொல்லியிருப்பார்; நான் அங்கே வேலை செய்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

சாவியைப் பற்றித் தந்தையார் கேட்டாரல்லவா? 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், குசராத்தில் வாடினார் என்னும் ஊரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்தின்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் நிறுவனம் நயாராவுக்குத் தந்த சேவைகளை நிறுத்திவைத்தது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி, பணம் கட்டிப் பெற்ற சேவை. ஊழியர் தம் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியபின் சில நாளில் சேவை மீண்டது. பணம் கட்டுவோனுக்கும் சாவி தன் கையில் இல்லாமற் போகலாம் என்பதை அந்தச் சில நாள் காட்டியது.

"அதனால்தான் நம்மவர் கிடங்கு வேண்டும்" என்று நம் நண்பர்கள் நெஞ்சு நிமிர்த்துவர். தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோவைச் சொல்வர். மத்திய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அதன் தளத்துக்கு மாறிய செய்தி 2025இல் வந்தபோது நம் விடுதியில் இனிப்பே வழங்கினார்கள். எனக்கும் பெருமைதான். இனிப்பையும் தின்றேன். ஆயினும், நம்மவர் என்பது ரசீதுக்கு ஈடாகாது. பஜார் ரோட்டில் சொந்த மைத்துனன் கிடங்கில் வைத்தாலும் சீட்டு வாங்காமல் எவரும் வெளியேறுவதில்லை. அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதுமில்லை.

மேகத்துக்கு எதிராக நம் வீடுகளில் சொல்லப்படும் இன்னொரு சொல்: "எல்லார் பொருளும் ஒரே இடத்தில் கலந்து கிடக்குமே, நம்மது நம்மதாக இருக்குமா?" இதற்கு விடை வேண்டுவோர் கோட்டைக் கொச்சிக்கு அருகே வெளி என்னும் இடத்திலுள்ள டோபி கானாவைப் போய்ப் பார்க்கலாம். 1976இல் கட்டப்பட்டது அது. அங்கே துணி வெளுப்போர் நம் தமிழர். டச்சுக்காரர் தம் படைவீரர் உடையை வெளுக்க அழைத்து வந்தவர்களின் வழிவந்தோர் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி. விடுதித் துணி, மருத்துவமனைத் துணி, வீட்டுத் துணி எல்லாம் ஒரே முற்றத்தில், ஒரே வெயிலில், ஒரே கயிற்று வரிசையில் உலர்கின்றன. மாலையில் ஒன்றும் மாறிப் போவதில்லை. ஏன்? ஒவ்வொரு துணியிலும் ஒரு குறி உண்டு. பலருடைய தரவை ஒரே இயந்திரத்தில் வைத்து, ஒன்றை மற்றொன்று காணாதபடி பிரிப்பதற்கும் அடிப்படை அதுவே. அங்கே குறியோடு பூட்டும் சேர்ந்துகொள்கின்றது. கலந்துவிடுமோ என்னும் அச்சத்தை விடலாம். அறிவியல் அதை ஓரளவு நன்றாகவே செய்து முடித்திருக்கின்றது. குறியைப் போட்டவன் யார், குறி அழிந்தால் யாரிடம் போவது என்பதுதான் மீதமுள்ள கேள்வி. என் துணியில் நான் போட்ட குறி, பணம் கட்டாமல் விட்ட ஒரு கைப்பேசி எண்!

வேலைக்குப் போய்விட்ட நம் பழைய மாணவர் சிலரிடம் பேசினேன். காக்கநாட்டில் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் இருப்பவர், "நிறுவனம் கொடுத்தது, பயன்படுத்துகிறேன்; எங்கே இருக்கிறது என்று நான் ஏன் கேட்க வேண்டும்?" என்றார். ஏற்றுக்கொண்ட இளைஞர் என்று நாம் எண்ணுவது இவரைத்தான். மழையை யாரும் ஏற்றுக்கொள்கின்றனரா என்ன? நனைகின்றனர். இன்னொரு தோழி மேகத்தை வெறுக்கின்றார். காரணம் பாதுகாப்பு அன்று. கோப்பை இரவு எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை நிமிடம் திறந்து வைத்தார் என்பதை மேலாளர் தம் வீட்டிலிருந்தே பார்க்கின்றாராம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. பிறகு போகவே இல்லை. இளைஞர் தயங்கினால் பழமைவாதி என்று ஏசுவதற்கு முன் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாமவர் சிறு துணிக்கடை அலுவலகத்தில் வேலை பார்க்கின்றார். கடையின் கணக்கு முழுதும் அவர் சொந்த மின்னஞ்சலில் இருக்கின்றது, என்னைப் போலவே. வேலையை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அது அவர்கள் பாடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

சட்டம் காக்கும் என்றிருப்பதும் முழுதாகச் சரியன்று. 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்டது தனிமனிதர் தரவைக் காக்கும் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஒரு மிளகு வணிகரின் பேரேடு ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குத் தடையின்றிப் போக வேண்டும் என்பது அதன் வேலையன்று. ஐரோப்பியர் அதற்கும் சட்டம் செய்துவிட்டனர். 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களது தரவுச் சட்டப்படி, ஒரு மேக நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற விரும்புவோர்க்கு வழிவிட வேண்டும்; 2027 ஜனவரி முதல் அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கக்கூடாது. எடுத்துச் செல்லும் கூலியைப் பற்றிய பேச்சு! தந்தையாரிடம் சொன்னபோது, "இதுக்கெல்லாம் இப்பத்தான் சட்டம் வருதா?" என்றார்.

மார்ச்சுக்குப் பின் சேட்டு மேகத்தை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். விடவில்லை. வேலியேற்றம் ஆண்டுதோறும் வருகின்றதே! இப்போது கணக்கு கிடங்கின் பெயரில் இருக்கின்றது. மாதந்தோறும் பணம் கட்டுகின்றனர். நுழைவதற்குச் சேட்டின் எண்ணும் தந்தையாரின் எண்ணும் பதிந்திருக்கின்றன, என் எண் இல்லை. அவசரத்துக்கான மீட்பு எண்களைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கின்றனர். எல்லாம் தந்தையார் கேட்ட கேள்விகளிலிருந்து வந்த ஏற்பாடு. சனிக்கிழமைதோறும் கணக்கு முழுவதையும் இறக்கிக் கையடக்கப் பேழை ஒன்றில் நகல் வைப்பது என் பொறுப்பு.

முதற் சனிக்கிழமை நகல் எடுத்து, பெருமையோடு பெட்டியில் வைக்கப் போனேன். தந்தையார் தடுத்தார். "திறந்து காட்டு" என்றார். திறந்தேன். எண்களெல்லாம் சரியாக இருந்தன. சரக்கு அனுப்பியோர் பெயர்களைத் தந்தையார் தமிழிலேயே எழுதுவார். அந்தப் பெயர்கள் அத்தனையும் பொருளற்ற குறிகளாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறிக் கிடந்தன. கிடங்கின் பழைய மென்பொருள், யுனிகோடு எழுத்துகளைத் தவறாகப் படித்திருக்கின்றது. தந்தையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "மூட்டை இருக்கு தம்பி, யார் மூட்டைன்னு தெரியலையே" என்றார்.

அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. அடுத்த சனிக்கிழமை மீண்டும் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. சேட்டும் வந்து உட்கார்வதாகச் சொல்லியிருக்கின்றார்.